பெண்கள் சாஃப்ட்பால்: பண்ட், ஸ்லாப், பேஸ் ஓட்டம் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: பி.இ.டி. டீச்சர், அம்மாபேட்டை, சேலம்

வணக்கம். 14 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அணி சேர்த்திருக்கிறோம். பாதிப் பேர் கோ-கோ ஆடியவர்கள், மீதிப் பேர் கிரிக்கெட். காலில் வேகம் இருக்கிறது, தூக்கி அடிக்கும் பலம் இன்னும் வரவில்லை. அதனால் பண்ட் (பேட்டை வீசாமல் பந்தில் மெல்லப் படவைத்துத் தரையில் விடுவது) வைத்து, ஓடியே ரன் எடுக்கப் பழக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் பண்ட் வைத்தால் பந்து எழும்பிக் கேட்ச் ஆகிறது, இல்லையென்றால் நேராகப் பிட்சர் (பந்து எறிபவர்) கைக்கே போகிறது. பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறார்கள். தரை கெட்டிச் செம்மண், ஸ்லைடு (தரையில் சறுக்கிப் பேஸைத் தொடுவது) சொல்லிக்கொடுக்கப் பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1: இன்ஃபீல்டு கோச்

முதலில் பண்ட்தான் டீச்சர். பேட்டர் பாக்ஸின் (பேட்டர் நிற்கும் கட்டம்) முன்பகுதியில் நிற்கவையுங்கள். பிளேட்டுக்கு (ஹோம் பேஸ்) முன்னால் பந்தைச் சந்தித்தால் அது ஃபவுல் ஆகாமல் (கோட்டுக்கு வெளியே போகாமல்) உள்ளே விழ அதிக இடம் கிடைக்கும்.

மேல் கையைப் பேட்டின் நடுப்பகுதிவரை நகர்த்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பேட்டின் பின்பக்கம் இருக்கும்படி பிடிக்கச் சொல்லுங்கள். விரல்களைச் சுற்றிப் பிடித்தால் பந்துக்கும் பேட்டுக்கும் நடுவில் நசுங்கும். இதை முதல் நாளே பார்த்துத் திருத்திவிடுங்கள். பேட்டின் தலை ஸ்ட்ரைக் உயரத்தின் மேல் எல்லையில், கைகளைவிடச் சற்று மேலே இருக்கட்டும். அதற்கு மேலே வருகிற பந்தை விட்டுவிட வேண்டும், பேட்டைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்து வரும் பந்துக்கு முழங்காலை மடக்க வேண்டும். பேட்டின் தலையை மட்டும் இறக்கினால் பந்தின் அடிப்பாகத்தில் பட்டு எழும்பும். உங்களுக்குக் கேட்ச் ஆவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிட்சர் கைக்குப் போவது பந்தைக் குத்துவதால். மரத்திலிருந்து விழும் மாம்பழத்தைத் துணியில் வாங்குவதுபோல, பந்து படும்போது கை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். திசையைக் கீழ்க்கைதான் தீர்மானிக்கும். வலக்கைப் பேட்டர் அதை உடம்புப் பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ் கோட்டுக்கும், முன்னால் தள்ளினால் முதல் பேஸ் கோட்டுக்கும் பந்து போகும்.

இரண்டு கோட்டோரமும் பிளேட்டிலிருந்து 8 முதல் 12 அடிக்குள் ஒரு பழைய சாக்கை விரித்து, பந்து அதில் நிற்கவேண்டும் என்று ஆடவிடுங்கள். 5 அடிக்குள் நின்றால் கேட்சர் (பிளேட்டுக்குப் பின்னால் இருப்பவர்) எடுத்துவிடுவார், ரொம்பத் தள்ளிப் போனால் ஓடிவரும் மூன்றாம் பேஸ் ஆள் எடுப்பார். தொடக்கத்தில் டென்னிஸ் பந்து போதும். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பண்ட் ஃபவுலானால் அவுட் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் 2: மூன்றாம் பேஸ் கோச்

பேட்டோடு ஓடுவது கிரிக்கெட் பழக்கம். பண்ட் வைத்ததும் பேட்டைக் காலருகே போட்டுவிட்டு, முதல் மூன்று காலடியைத் தலை தூக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். திரும்பிப் பந்தைப் பார்ப்பவர் ஒரு காலடி இழப்பார், 60 அடி ஓட்டத்தில் அந்த ஒரு காலடிதான் அவுட்டா இல்லையா என்பதே.

சுண்ணாம்புப் பொடியால் ஓட்டப்பாதை போட்டுவையுங்கள். முதல் பேஸுக்கான கடைசி 30 அடியில், ஃபவுல் பக்கம் 3 அடி அகலம். பண்டை எடுப்பவர் பேட்டருக்குப் பின்னாலிருந்து எறிவதால், பாதைக்கு வெளியே ஓடி எறிதலுக்குக் குறுக்கே வந்தால் அம்பயர் அவுட் கொடுப்பார். இரட்டை பேஸ் (வெள்ளை, ஆரஞ்சு என இரண்டு பாதியுள்ள முதல் பேஸ்) போட்டிருந்தால் ஆரஞ்சுப் பாதியை மிதிக்கவேண்டும். கடைசியில் தாவவே கூடாது. பேஸின் முன்விளிம்பை மிதித்துக்கொண்டே தாண்டிப்போய்த்தான் வேகம் குறைக்கவேண்டும். இரண்டாம் பேஸுக்கும் போவதென்றால் 12 முதல் 15 அடி முன்பே வெளிப்பக்கம் வளைந்து, உள்மூலையை மிதித்து, உடம்பை உள்பக்கம் சாய்த்துத் திரும்பவேண்டும். கோ-கோ பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால் அதே பிள்ளைகளிடம் ஒரு ஆபத்தும் உண்டு, ஏமாற்றி ஆடுவது. பிட்சர் 8 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் பந்தோடு நின்றுவிட்டால், பேஸை விட்டு வெளியே இருக்கும் ரன்னர் உடனே முன்னே போகவேண்டும், அல்லது திரும்பிவிட வேண்டும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால் அவுட். சும்மா நின்று கொடுக்கும் அவுட் என்பதால் மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

பேஸை விட்டுக் கிளம்புவது, பந்து பிட்சர் கையை விட்டபிறகுதான். முன்பே கிளம்பினால் அதுவும் அவுட். இடது காலைப் பேஸின் முன்விளிம்பிலும் வலது காலைப் பின்னாலும் வைத்து, பிட்சரின் கை கீழே சுற்றி இடுப்புக்கு வரும்போது பின்காலைத் தூக்கப் பழக்குங்கள். பந்து விடுபடும் நொடியில் முன்கால் பேஸை விடும். ஸ்டீல் (பந்தை அடிக்காமலே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடுவது) கணக்கும் இதில்தான் இருக்கிறது. கேட்சர் ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்குச் சுமார் 85 அடி எறியவேண்டும். பந்து வரும் நேரம், பிடித்து எழும் நேரம், எறியும் நேரம் மூன்றையும் ஸ்டாப்வாட்சில் கூட்டுங்கள். உங்கள் பிள்ளையின் 60 அடி நேரம் அதைவிடக் குறைவென்றால் அனுப்பலாம்.

பண்ட் சைகை கொடுத்தபோது ரன்னர் கண்ணை மூடிக்கொண்டு ஓடக்கூடாது. பந்து தரையில் படுவதைப் பார்த்தபின் முழு ஓட்டம். எழும்பிவிட்டால் பேஸுக்குத் திரும்பவேண்டும். இல்லையென்றால் ஒரே பந்தில் இரண்டு அவுட்.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். ஸ்லாப் (இடப்பக்கம் நின்று, ஓடத் தொடங்கிக்கொண்டே பந்தைத் தட்டுவது) எப்போது தொடங்கலாம்? வலக்கைக்காரர்களையும் இடப்பக்கம் மாற்றலாமா?

பதில் 3: ஏற்காடு மைதானம்

எல்லாரையும் மாற்றாதீர்கள் டீச்சர். 60 அடியில் அணியிலேயே வேகமான இரண்டு மூன்று பேரை மட்டும் எடுங்கள். மற்றவர்களுக்கு நல்ல பண்டே போதும். இடப்பக்கத்தில் நின்றால் முதல் பேஸுக்குச் சற்று அருகில் தொடங்கலாம் என்பதுதான் லாபம்.

ஸ்லாப்பில் முதலில் காலடி, பிறகுதான் பேட். முன்காலைச் சற்றே பின்னிழுத்து, பின்காலைக் குறுக்கே பிட்சரை நோக்கி வைக்கவேண்டும். முதல் பேஸை நோக்கி வைத்துவிட்டால் உடம்பு பந்தைவிட்டு விலகும், வெளிப்பக்கப் பந்து எட்டாது. பந்து படும்போது கால் முழுதும் பாக்ஸுக்கு வெளியே தரையில் ஊன்றியிருந்தால் அவுட் வேறு. ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) மூன்றாம் பேஸுக்கும் இடையில் தரையோடு தட்டவேண்டும். கெட்டிச் செம்மண்ணில் அந்தப் பந்து உயரமாகத் துள்ளும், ஃபீல்டர் காத்திருக்கவேண்டிவரும். சேலம் தரை உங்களுக்கு உதவுகிற இடம் இது.

ஸ்லைடைக் கட்டாந்தரையில் தொடங்கவே வேண்டாம். புல்தரையில் தார்பாய் விரித்து நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஷூ கழற்றிச் சாக்ஸோடு, முழுக்கால் பேண்ட் போட்டு வரட்டும். ஒரு காலை மடித்து மறுகாலின் முழங்காலுக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பழகியபிறகு, நடந்து, மெல்ல ஓடி, கடைசியில் வேகமாக. 8 அடி முன்பே கீழே இறங்கவேண்டும். தாமதித்து இறங்கினால் பேஸில் கணுக்கால் மாட்டும். தாடை நெஞ்சோடு, கைகள் மேலே. கையைத் தரையில் ஊன்றுபவருக்கு மணிக்கட்டு போகும். கையில் ஆளுக்கொரு துணித்துண்டு கொடுத்துப் பிடிக்கவைத்தால் ஊன்றும் பழக்கம் வராது. தலை முன்னே போகும் ஸ்லைடு இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.