கலைச்சொல்: ‘உறுப்பினர் பேரேடு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சேலம் மாவட்டத்துச் சட்டமன்ற, மக்களவை உறுப்பினர்கள் அவையில் என்ன கேட்டார்கள், எதற்கு வாக்களித்தார்கள், தொகுதிப் பணத்தை எதற்குப் பரிந்துரைத்தார்கள் என்று ஆள்வாரியாக இணையத்தில் தொகுக்கிறோமே, அந்தப் பக்கத்துக்குக் கண்காணிப்பகம், மதிப்பெண் அட்டை, உறுப்பினர் தடம் என மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. நான்காவதாக ‘உறுப்பினர் பேரேடு’ என்பதை முன்வைக்கிறேன்.

‘கண்காணிப்பு’ என்றதும் கேமராவும் காவல் நிலையமும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் தொகுக்கப்போவது எதுவும் ஒளிந்திருந்து பார்த்தது கிடையாது. எல்லாம் அவையில் பலர் முன்னால் நடந்தவை, அல்லது அரசு ஆவணங்களில் இருப்பவை. ‘தடம்’ அழகான சொல்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லவில்லை.

‘மதிப்பெண் அட்டை’யை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மக்களவையில் அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அவர்களுக்கு வருகை சுழியம் என்று போடுவோமா? அவைத் தலைவர் கேள்வி கேட்க மாட்டார். இரு பக்கமும் வாக்குகள் சமமானால்தான் அவருக்கு வாக்கு. எண்ணைப் போட்டு வரிசைப்படுத்தினால் இவர்கள்தான் கடைசியில் நிற்பார்கள். படிக்கிறவரை அது தவறாக வழிநடத்தும்.

பேரேடு ஏன்? செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டிகளில் கணக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். அன்றன்று நடந்ததெல்லாம் முதலில் நாள் வரிசையில் குறிப்பேட்டில் ஏறும். ஓமலூர்க்காரர் இறக்கிய சிப்பம், லாரி வாடகை, இன்னொருவர் வாங்கிய முன்பணம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அப்புறம் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு வரியாக எடுத்து, பேரேட்டில் அவரவர் பெயருள்ள பக்கத்தில் எழுதுவார். பள்ளிக் கணக்குப்பதிவியல் புத்தகம் இதை ‘எடுத்தெழுதுதல்’ என்கிறது. அப்படி எழுதினால்தான் ஓமலூர்க்காரருக்கு எவ்வளவு பாக்கி என்பது ஒரே பார்வையில் தெரியும்.

சட்டமன்றத்தின் அவைக்குறிப்பும் நாள் வரிசையில்தான் இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதம், கவன ஈர்ப்பு, கேள்வி நேரம் என எல்லாம் அந்தந்த நாளுக்குள் அடங்கிவிடும். ஒரே உறுப்பினர் ஐந்தாண்டுகளில் என்ன செய்தார் என்று பார்க்க, ஒவ்வொரு வரியையும் அவர் பக்கத்துக்கு எடுத்தெழுத வேண்டும். நாம் செய்யும் வேலை சரியாக அதுதான். பேரேடு என்றால் பெரிய ஏடு. ‘பேர் ஏடு’ என்று படித்தாலும் பொருள் கெடவில்லை.

இந்தப் பெயரை முன்பே ஒருமுறை சொன்னபோது ஆத்தூர் ஐயா எழுதியிருந்தார்:

> பேரேடு என்றால் கடைக்கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். மக்கள் பிரதிநிதிக்கு அது கௌரவமாக இருக்காதே?

ஐயா, கணக்குக் காட்டுவது நம் ஊர்ப் பொதுவாழ்வுக்குப் புதிதில்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் (ஊர்ச்சபைக் குழுவில்) இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலைக்கே எழுதக் கூடாது என்கிறது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே கதிதான். இன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும், தேர்தல் செலவுக் கணக்கை முறைப்படி கொடுக்காத வேட்பாளரைத் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்ய இடமிருக்கிறது. கணக்கு என்ற சொல்லில் அவமதிப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெயரைவிட உள்ளே வரும் பத்திகளின் (நெடுவரிசைகளின்) தலைப்புகள்தான் கடினம். முதலில் வாக்கு. ‘வாக்குப்பதிவு’ என்று வைக்கவே முடியாது; அது தேர்தலன்று நாம் போடுவது. ‘அவை வாக்கு’ என்று வைக்கலாம். ஆனால் அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்களின் பேச்சையும் வாக்கையும் ஆள்வாரியாகக் காட்டும், 2004இல் பிரிட்டனில் தொடங்கிய ‘தே வொர்க் ஃபார் யூ’ தளத்தைப் பார்த்துத்தான் நம்மில் பலருக்கு இந்த ஆசை வந்தது. அங்கே வாக்கெடுப்பு என்றால் உறுப்பினர்கள் எழுந்து தனித்தனிக் கூடங்கள் வழியாக நடந்துபோவார்கள். யார் எந்தப் பக்கம் போனார் என்று பெயரோடு பதிவாகும். இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. “ஆம் என்போர்… இல்லை என்போர்…” முடிந்தது. யார் ஆம் என்றார் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

பெயர் தெரிந்தாலும், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று தன் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவிடும் கொறடா இருக்கிறார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். அதனால் ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்பதோடு, கொறடா உத்தரவு இருந்ததா என்பதும் பக்கத்தில் வர வேண்டும். குரல் வாக்கெடுப்பு நடந்த இடத்தில் வெறும் கோடு போடாமல் ‘குரல் வாக்கெடுப்பு, பெயர் பதிவாகவில்லை’ என்று முழுதாக எழுதுவோம். வெற்றிடத்தைப் பார்த்தால் ‘இவர் வாக்களிக்கவே இல்லை’ என்று நினைத்துவிடுவார்கள்.

அரிதாகத்தான் இது மாறுகிறது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி தொகுதி உறுப்பினர் முதல்வராக நம்பிக்கை வாக்குக் கோரியபோது, பேரவையில் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டது. பேரவைத் தலைவர் ஏற்கவில்லை. அன்றைய வாக்கை நம் மாவட்டத்து ஒவ்வொருவர் பக்கத்திலும் எடுத்தெழுத வேண்டும். வெளியேற்றப்பட்டதால் அவையில் இல்லாதவர்களை ‘வரவில்லை’ என்று போட்டால் தவறாகிவிடும்; ‘வெளியேற்றம்’ என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

அடுத்தது ‘செலவு’. பிரிட்டனில் 2009இல் பெரும் சர்ச்சையானது, உறுப்பினர்கள் வீட்டுக்கும் பிறவற்றுக்கும் அரசுப் பணத்திலிருந்து கோரிப் பெற்ற தொகை. இங்கே செலவு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு பணம் இருக்கிறது. ஒன்று, வேட்பாளராக இருந்தபோது செய்த தேர்தல் செலவு. நம் மாநிலத்தில் 2022 முதல் சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். இரண்டு, ஊதியமும் படிகளும். மூன்று, தொகுதி மேம்பாட்டு நிதி.

இந்த மூன்றாவதில்தான் குழப்பம் அதிகம். ஏற்காடு மலைக் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டியையோ நிழற்குடையையோ நின்று பாருங்கள். உறுப்பினர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். ‘தொகுதி மேம்பாட்டு நிதி’ என்பது அதைவிடச் சிறிதாக, மதிப்பீட்டுத் தொகை இன்னும் சிறிதாக, மழையில் பாதி அழிந்து. பார்க்கிறவருக்கு அவர் கைப்பணம் போலத் தோன்றும். மக்களவை உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ஒதுக்கீடு என்றாலும் அது அவர் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார். மதிப்பீடு, ஒப்புதல், பட்டுவாடா எல்லாம் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. ஆகவே அந்தப் பத்திக்குப் ‘பரிந்துரைத்த பணிகள்’ என்று பெயர் வைத்து, பரிந்துரை, ஒப்புதல், முடிவு என மூன்று தேதிகளும் கொடுப்போம். தாமதம் யார் மேசையில் என்று அதில் தெரியும்.

கடைசியாக, மாவட்டப் பெயரை வைத்துத் தேடும் வசதி மட்டும் போதாது. நம் மாவட்டத்துப் பதினொரு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு மக்களவைத் தொகுதிகளில் கிடக்கின்றன. ஏற்காடு, ஆத்தூர், கெங்கவல்லி மூன்றும் கள்ளக்குறிச்சியில், மேட்டூர் தருமபுரியில், சங்ககிரி நாமக்கல்லில், மற்ற ஆறும்தான் சேலத்தில். ஏற்காட்டுக்காரர் ‘சேலம்’ என்று தட்டினால் தனக்குச் சம்பந்தமில்லாத உறுப்பினரின் பக்கத்துக்குப் போய்விடுவார். ஊர்ப்பெயர் கொடுத்தால் அவருடைய இரண்டு உறுப்பினர்களின் பக்கமும் திறக்க வேண்டும்.

ஏற்காட்டு அக்கா, மலைக் கிராமப் பெயர்ப் பட்டியலை நீங்கள் ஏற்கெனவே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதை அனுப்பினால் அந்தத் தொகுதியையே முதலில் எடுத்தெழுதலாம். ‘அவை வாக்கு’, ‘பரிந்துரைத்த பணிகள்’ இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். ‘பேரேடு’ வேண்டாம் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து