புதுப்பிப்பு: பிராக்ஸியில் புரோட்டோபஃப் பதில் படிக்கக் கிடைத்துவிட்டது

பாலக்காட்டுச் சித்தூரில் பால் சங்கத்துக்காக நானும் மச்சானும் எழுதும் ஆப்பில், ஜிஆர்பிசி-வெப் (பிரவுசரிலிருந்து சர்வரை அழைக்கும் முறை) பதில்கள், நடுவில் நின்று இடைமறிக்கும் பிராக்ஸியில் குப்பையாகத் தெரிகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன். தீர்ந்தது.

கோளாறு புரோட்டோபஃபில் (தரவைப் பைட்களாகச் சுருக்கி அனுப்பும் வடிவம்) இல்லை. டெக்ஸ்ட் முறையில் பதில் பேஸ்64 ஆக (பைட்களைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி) வரும், ஆனால் ஒரே துண்டாக வரவேண்டும் என்றில்லை. துண்டு துண்டாகக் குறியாக்கி ஒட்டுவதால் கடைசியில் இடம் நிரப்பும் சமக்குறி (=) நடுவிலும் விழும். என் ஸ்கிரிப்ட் முதல் சமக்குறியிலேயே நின்றுவிட்டது. நாலு நாலு எழுத்தாக அவிழ்த்ததும் முழுப் பதிலும் வந்தது.

பிறகு ஒவ்வொரு ஃபிரேமிலும் (பதிலின் ஒவ்வொரு பகுதியிலும்) முதல் 5 பைட்: 1 கொடி, 4 நீளம் (பெரிய பைட் முதலில்). கொடி 128 என்றால் அது டிரெய்லர் (முடிவில் வரும் நிலைத் தகவல்). அதைப் புரோட்டோபஃப் என்று நினைத்துப் பிரிக்காதீர்கள், நான் ஒரு ராத்திரியே தொலைத்தேன்.

மிச்சத்தை புரோட்டாக் (புரோட்டோபஃபின் கருவி) தரும் 'டிகோட் ரா'வில் கொடுத்தால் புல எண்கள் மட்டும் வரும், பெயர் வராது. உறுப்பினர் பெயர்கள் ஆக்டல் (எட்டை அடியாகக் கொண்ட) எண்களாக விழும்: 340க்குப் பின் 256, 257 என்றால் தமிழ், 264, 265 என்றால் மலையாளம். எங்கள் பட்டியலில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. அதைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்!

சமக்குறியைக் கவனிக்கச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.