யூ.கே.ஜி. பிள்ளைகளுக்கு அணி பனியனும் வெற்றி முழக்கமும் தேவைதானா?

காரைக்குடித் தாய் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் யூ.கே.ஜி. படிக்கிறாள். விளையாட்டு விழாவுக்காகப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என நான்கு அணிகளாகப் பிரித்து, அணி வண்ணத்தில் பனியன் கொடுத்திருக்கிறார்கள். இத்தகைய அணிகள் நான் படித்த காலத்திலும் இருந்தன. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் எந்த அணி என்றே எங்களுக்குத் தெரியும். இப்போது எல்.கே.ஜி.யிலேயே தொடங்கிவிடுகிறார்கள்.

பனியனின் முன்புறத்தில் பள்ளியின் பெயரும் சின்னமும் இருக்கின்றன. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பின்புறத்தில் முதுகு முழுவதையும் அடைத்துக்கொண்டு 'வெல்வதற்கென்றே பிறந்தோம்' என்ற வாசகம் அச்சிடப்பட்டிருக்கிறது. அதோடு, காலை வழிபாடு முடிந்ததும் ஒவ்வோர் அணியும் தன் முழக்கத்தை உரக்கச் சொல்ல வேண்டும். என் மகளுடைய நீல அணியின் முழக்கம், 'சிவப்பைச் சாய்ப்போம், நீலமே ஆள்வோம்' என்பது. வீட்டில் சாப்பிடும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் அடுத்த வீட்டுப் பையன் சிவப்பு அணி. இருவரும் ஒரே ஆட்டோவில் பள்ளிக்குப் போகிறவர்கள். விடுமுறை நாளில் எங்கள் முற்றத்தில்தான் இருவருக்கும் விளையாட்டு. இரண்டு வாரமாக அவன் அருகில் உட்கார மறுக்கிறாள், சிவப்புக் கலர் பென்சிலைக் கூடத் தொடுவதில்லை. வகுப்பாசிரியையிடம் சொன்னேன். பள்ளி உணர்வு இந்த வயதிலேயே ஊற வேண்டும், விழா முடிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று அன்பாகத்தான் பதில் சொன்னார்.

பள்ளியோடு மல்லுக்கு நிற்க எனக்கு விருப்பம் இல்லை. எந்த வயதில் இதெல்லாம் பொருந்தும், பள்ளியிடம் எதைக் கேட்பது நியாயமாக இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


கோட்டையூர்ப் பழைய மாணவர்:

பள்ளிப் பற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கல்விக்காக வாரி வழங்கிய மண் இது. வள்ளல் அழகப்பர் 1947இல் இங்கே கல்லூரியைத் தொடங்கினார்; மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த நிறுவனங்களில் படித்தவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் தங்கள் படிப்பிடத்தை மறக்காமல் இருப்பதை நேரில் பார்த்து வருகிறேன். அந்தப் பற்று எங்கோ ஓரிடத்தில் முளைவிட்டுத்தானே ஆக வேண்டும்?

கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரே வண்ணச் சட்டை பெரிய துணை என்பது என் கருத்து. என் பேரன் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கி நிற்பவன். பச்சைப் பனியனைப் போட்ட நாளில்தான் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கை தட்டினான். ஆகவே பனியனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 'சாய்ப்போம்' என்ற முழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள், போதும்.


கல்வி உளவியல் ஆசிரியை, காரைக்குடி:

தாயாரின் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். உங்கள் மகள் செய்வது பிடிவாதம் அன்று. அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை அவள் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு 'விளையாட்டுக்காக மட்டும் எதிரணி' என்ற கருத்து எளிதில் பிடிபடுவதில்லை. சாய்க்க வேண்டியவன் என்று பெரியவர்கள் தினமும் சொல்லச் சொன்னால், அவன் உண்மையிலேயே ஆகாதவன் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

இது வெறும் ஊகம் இல்லை. பனியன் வண்ணத்தை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ரெபெக்கா பிக்லரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் என இரண்டு வண்ணப் பனியன்களைக் கொடுத்துச் சில வாரங்கள் அணியச் செய்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் 'நீலப் பிள்ளைகளே, வரிசையில் நில்லுங்கள்' என்பதுபோல வண்ணத்தைச் சொல்லியே எல்லா வேலைகளையும் நடத்தினார்கள். மற்ற வகுப்புகளில் அதே பனியன்கள் இருந்தும், ஆசிரியர்கள் வண்ணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆசிரியர் வண்ணத்தைப் பயன்படுத்திய வகுப்புகளில், தன் வண்ணத்தாரே நல்லவர்கள், கெட்டிக்காரர்கள் என்ற சார்பு பிள்ளைகளிடம் வளர்ந்தது; ஆசிரியர் பொருட்படுத்தாத வகுப்புகளில் அது வளரவில்லை. போட்டி எதுவும் அங்கே வைக்கப்படவில்லை, முழக்கமும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பின்னர் 2006இல் வெளியான ஆய்வு உங்கள் மகளின் வயதுக்கு இன்னும் நெருக்கமானது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் சிவப்பு, நீலப் பனியன்களை மூன்று வாரம் அணிந்தார்கள். இந்தச் சின்ன வயதில், ஆசிரியர் எதுவும் சொல்லாத வகுப்புகளில் கூட ஓரளவு சார்பு தோன்றிவிட்டது; ஆசிரியர் வண்ணத்தைச் சொல்லி நடத்திய வகுப்புகளில் சில அளவீடுகளில் அது மிகுதியாக இருந்தது. வயது குறையக் குறைய எச்சரிக்கை கூடுதலாகத் தேவை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். கோட்டையூர் ஐயா முழக்கத்தை மாற்றினால் போதும் என்கிறார். மழலையர் வகுப்பைப் பொறுத்தவரை அது போதாது. அணிப் பிரிவையே ஒன்றாம், இரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. சமூக உளவியல் ஆய்வாளர் முசாஃபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்துப் போட்டிகள் நடத்தினார். சில நாள்களிலேயே வசைச் சொல், கொடி எரிப்பு, மற்றவர் அறைக்குள் புகுந்து பொருள்களைக் கலைப்பது என்று நிலைமை முற்றிப்போனது. சேர்ந்து சாப்பிட வைத்தும் படம் பார்க்க வைத்தும் பகை தணியவில்லை. இரு குழுவும் சேர்ந்தால் மட்டுமே முடியக்கூடிய வேலைகளைக் கொடுத்த பிறகுதான் தணிந்தது. அவற்றில் ஒன்று, நின்றுபோன லாரியை இழுப்பது. இரு குழுவும் எதிரெதிராக நின்று போட்டியில் இழுத்த அதே கயிற்றால் அதை இழுத்தார்கள். விழா முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல், அந்தப் பையனும் உங்கள் மகளும் சேர்ந்து செய்யும்படியான வேலை ஏதாவது இந்த வாரமே வீட்டில் கொடுத்துப் பாருங்கள். கோலப்பொடி அள்ளித் தருவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும் சரி. ஆனால் ஒருவர் தனியாகச் செய்து முடிக்க முடியாததாக அது இருக்க வேண்டும்.

'வெல்வதற்கென்றே பிறந்தோம்' என்ற வாசகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகளில் பெரும்பாலோர் பரிசு வாங்குவதில்லை. முதுகில் அந்த வாசகத்தைச் சுமந்துகொண்டு கடைசியாக ஓடி வரும் பிள்ளைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் அந்த வாசகம் அதனுடையதும் அன்று. பெரியவர்களின் ஆசையைப் பிள்ளையின் முதுகில் எழுதியிருக்கிறோம்.


தேவகோட்டை அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியர்:

மேலே அம்மையார் எழுதியதோடு, எங்கள் வகுப்பறையிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழ்நாட்டில் சத்துணவு உண்ணும் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை தருகிறது. வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு உடையில் தெரியக் கூடாது என்பதே சீருடையின் அடிப்படை. அந்தச் சீருடைக்கு மேல் ஒரு பனியனைப் போட்டு, மறுபடியும் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவது எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை விழாவன்று பழைய சட்டையோடு வரிசையின் கடைசியில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

குழு பிரிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அரசுத் தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறோம். ஆனால் அந்தப் பிரிவு யாருடைய மார்பிலும் ஒட்டப்படுவதில்லை. அரும்பில் இருக்கும் பிள்ளை நாளை மொட்டுக்குப் போகும். அணி பனியனோ பள்ளியை விட்டுப் போகும்வரை மாறாது.

நம் தென் மாவட்டங்களில் வண்ணத்துக்குச் சாதியைக் காட்டும் வேறொரு பொருளும் இருப்பதை மறைத்துப் பேச முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றோடு பள்ளிக்கு வருவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தார். விளையாட்டு அணியின் வண்ணமும் சாதியின் வண்ணமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது அநியாயம். ஆனால் பதினான்கு வயதில் கையிலுள்ள கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுகிற நாமே, 'என் வண்ணம், உன் வண்ணம்' என்று பார்க்கும் பழக்கத்தை ஐந்து வயதில் தொடங்கி வைக்கலாமா என்று ஆசிரியர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.


கானாடுகாத்தான் ஆச்சி:

அம்மா, உன் கேள்வியை என் மகள் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

நகரத்தாரில் நாங்கள் ஒன்பது கோயிலாகப் பிரிந்தவர்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று பிள்ளை பிறந்ததுமே எந்தக் கோயில் என்பது முடிவாகிவிடும். ஆனால் அடுத்த கோயிலைச் சாய்ப்போம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரே கோயிலுக்குள் இருப்பவர்கள் பங்காளிகள்; பெண் எடுக்கவும் கொடுக்கவும் பொதுவாக மற்றக் கோயிலைத்தான் தேடிப் போக வேண்டும். பிரிவு இருப்பதே உறவு வைத்துக்கொள்ளத்தான் என்று நாங்கள் வளர்ந்தோம். பள்ளிக்கூடத்திலும் பிரிக்கத்தான் வேண்டும் என்றால், நீலப் பிள்ளை சிவப்புப் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வரும்படி ஒரு விளையாட்டு வைக்கச் சொல்.


பள்ளத்தூர் மகள், டல்லாஸ்:

நான் வாழும் டெக்சாஸில் பள்ளி வண்ண உடை என்பது அன்றாட வழக்கம். தொடக்கப்பள்ளிகளில் பெற்றோர் சங்கமே பனியன் விற்று நிதி திரட்டும். வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் அதை அணிந்து வருவார்கள். இங்கே முழுப் பள்ளிக்கும் ஒரே வண்ணம் என்பதால், ஒரே வகுப்புக்குள் பிள்ளைகள் பிரிவதில்லை. அந்த வேறுபாடு முக்கியமானது என்று நினைக்கிறேன். என் மகன் பள்ளியின் பனியனில் பள்ளியின் பெயரைத் தவிர வேறு எழுத்து இல்லை. அவன் அதை விரும்பியே அணிகிறான்.

இங்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பூர்வகுடி மக்களின் உருவத்தை விளையாட்டு அணிச் சின்னமாக வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2005இல் தீர்மானம் போட்டது. பிள்ளைகள் அணியும் சின்னம் இன்னொருவரைச் சிறுமைப்படுத்துகிறதா என்ற கேள்வி இங்கும் எழுந்துகொண்டேதான் இருக்கிறது.


கோட்டையூர்ப் பழைய மாணவர்:

ஒரே வண்ணம் முழுப் பள்ளிக்கும் என்றால் என் பேரனுக்கும் அது போதும். கல்வி உளவியல் ஆசிரியை சொன்னதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஏழு வயதுக்கு மேல் போட்டியும் அணியும் வேண்டும். தோற்றுப் பழகும் இடமாகவும் பள்ளிதான் இருக்க வேண்டும்.


காரைக்குடித் தாய்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாலை இருவரையும் கிணற்றடித் தொட்டியைக் கழுவ விட்டோம். ஒரு வாளியை இரண்டு பேருமாகத் தூக்க வேண்டியிருந்தது. வண்ணத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் கடிதமாகவே கொடுக்கப் போகிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை அணிப் பிரிவு வேண்டாம், விழாவன்று அவர்கள் எல்லாருக்கும் ஒரே வண்ணப் பனியன், அதில் பள்ளியின் பெயர் மட்டும் என்று கேட்கப் போகிறேன். மேல் வகுப்புகளில் அணிகள் இருக்கட்டும். மற்ற அணியைத் தாழ்த்தும் முழக்கம் மட்டும் வேண்டாம். பணம் கட்ட இயலாத பிள்ளைகளுக்குப் பெற்றோர்களாகிய நாங்களே பகிர்ந்துகொள்கிறோம் என்றும் எழுதியிருக்கிறேன். ஆட்டோவில் வரும் மற்றப் பெற்றோரில் மூவர் கையெழுத்திடச் சம்மதித்துவிட்டார்கள். இவ்வளவு சிறிய பிள்ளைகளுக்கு எந்தத் துணி நல்லது என்று யாராவது சொன்னால் அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுவேன்.


புதுவயல் துணிக்கடைக்காரர்:

திருப்பூரிலிருந்து பனியன் வரவழைத்து அச்சிட்டுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன், ஆகவே சொல்கிறேன். பாலியஸ்டர் கலக்காத பருத்திப் பனியனாகக் கேளுங்கள். நம் ஊர் வெயிலில் மைதானத்தில் நிற்கும் பிள்ளைக்கு அதுதான் தாங்கும். முதுகு முழுவதும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையில் அச்சிட்டால், அந்த இடத்தில் காற்றும் புகாது, வியர்வையும் வெளியேறாது; துவைக்கத் துவைக்க வெடித்து உரியும், அதன்மேல் நேரடியாக இஸ்திரி போட்டால் உருகி ஒட்டும். பள்ளியின் பெயரை இடது மார்பில் சிறிதாக, தண்ணீர் மையில் அச்சிடச் சொல்லுங்கள். அந்த மை துணிக்குள் இறங்கிவிடுவதால் கைக்குத் தட்டுப்படாது. ஆண்டைப் போடாதீர்கள், தம்பி, தங்கைக்கு ஆகும். அடர் சிவப்பு வேண்டாம், முதல் சில துவைப்பில் சாயம் இறங்கி மற்றத் துணியில் ஏறும். இளமஞ்சளோ வெளிர்நீலமோ நல்லது. அளவு எடுக்கும்போது ஒரு அளவு கூட்டியே எழுதுங்கள், பருத்தி முதல் துவைப்பில் சற்றுச் சுருங்கும்.