மறுமொழி: ராட்செட் ஸ்டிராப்புக்குத் தமிழ்ச்சொல் – "கட்டுவார்" வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். டிரெய்லரில் ஏற்றிய படகு அசையாமல் இருக்கக் கட்டும் ராட்செட் ஸ்டிராப், அதாவது பல்சக்கரம் வைத்து இறுக்கும் பட்டைக்கு, "கட்டுவார்" என்ற பெயரை ஒருவர் முன்வைத்தார். அதற்குத்தான் இந்த மறுமொழி.

> ஸ்டிராப் என்றால் வார். கட்டுகிற வார் கட்டுவார். இதில் என்ன குழப்பம்?

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள் ஐயா. "டிரெய்லரில் படகை ஏற்றியதும் பின்பக்கம் இரண்டு கட்டுவார் போடவும்." இந்த வரியைப் படித்த என் மனைவி கேட்டது: "யார் கட்டுவார்?" இறுக்குவார் என்றாலும் இதே கதைதான். வினையோடு ஒட்டினால் வார் ஒரு மரியாதைக்குரிய ஆளாகிவிடுகிறது. தோல்வார், இடைவார் என்று பெயரோடு சேர்ந்தால்தான் பிழைக்கிறது.

அதனால் என் பரிந்துரை இறுக்குபட்டை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ப் மிகாது.

> ராட்செட், கேம் பக்கிள் இரண்டுக்கும் இந்த ஒரே சொல் போதுமே?

போதாது. ராட்செட்டில் கைப்பிடியை முன்னும் பின்னும் நெம்ப நெம்ப, பட்டை அச்சில் சுற்றிக்கொண்டு இறுகும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு 'டக்'. சின்ன நாக்கு ஒன்று பல்லிடுக்கில் விழுந்து, சக்கரத்தைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். கையின் பலம் பல மடங்காகிவிடுவதால், இன்னும் இரண்டு 'டக்' என்று ஆசைப்பட்டால் பிளாஸ்டிக் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) நசுங்கும், ஃபைபர் படகின் விளிம்பு விரிசல் விடும். கேம் பக்கிளில் நெம்புகோல் கிடையாது. நுனியைப் பிடித்து இழுக்கிறோம், கவ்வி பிடித்துக்கொள்கிறது; கை இழுத்த அளவுக்குத்தான் இறுகும். கயாக்குக்கு அதுவே சரி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, "கயாக்குக்கு இதைப் போடு, அதைப் போடாதே" என்று எப்படி எழுதுவது?

ஆகவே இறுக்குபட்டை பொதுப்பெயர். ராட்செட் உள்ளது நெம்புபட்டை, கேம் பக்கிள் உள்ளது கவ்வுபட்டை. "பல்லிறுக்கி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் பல் மருத்துவர்களுக்கே விட்டுவிடலாம்.

அடுத்து லேபிள். அமெரிக்காவில் விற்கும் 2 அங்குலப் பட்டை பலவற்றில் 10,000 பவுண்டு, 3,333 பவுண்டு என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண்ணில் பட்டை அறுந்துவிடும். இரண்டாவது, அதில் மூன்றில் ஒரு பங்கு, நாம் நம்பி ஏற்றக்கூடியது. வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான். கடைக்காரர் சத்தமாகச் சொல்வது முதலாவதை. ஆங்கிலத்தில் "வொர்க்கிங் லோட் லிமிட்" எனப்படும் இந்த இரண்டாவதைப் "பணிச்சுமை எல்லை" என்று பெயர்த்தால் அலுவலகத்தில் விடுப்புக் கேட்கிற கடிதம் மாதிரி இருக்கிறது. தாங்குசுமை என்போம். முதலாவதற்கு "அறுசுமை" என்று எழுதி வைத்திருந்தேன். அறுசுவை என்றே கண் படிக்கிறது. அறுபடும் சுமை என்று நீட்டியே எழுதிவிடலாம், தப்பில்லை.

> பௌ, ஸ்டெர்ன் இரண்டையும் முன்புறம், பின்புறம் என்றால் போதாதா?

கடற்கரையில் படகின் முன்முனைக்கு அணியம், பின்முனைக்கு அமரம் என்று சொல் இருக்கும்போது நாம் ஏன் ஏழையாக வேண்டும்? பின்பக்கம் கட்டுவதை அமரப்பட்டை என்றால் பட்டையின் இடமும் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். போன கோடையில் நண்பரின் 16 அடிப் படகை இழுத்துப் போனோம். அணியத்தில் வின்ச் பட்டை (படகை டிரெய்லர் மேல் இழுக்கும் சுழற்றியின் பட்டை) மாட்டியிருக்கிறதே, போதும் என்று நினைத்தோம். ரயில்வே கிராஸிங்கில் டிரெய்லர் ஒரு குதி குதித்தது. படகின் அமரம் தனியாக எழும்பி, தாங்குகட்டையின் மேல் 'டம்' என்று உட்கார்ந்தது. அடிப்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல். வின்ச் பட்டை படகை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அமரத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க இரண்டு அமரப்பட்டைகள் வேண்டும்.

துணியின் பெயரில் கை வைக்க வேண்டாம். பாலியெஸ்டர், நைலான் அப்படியே இருக்கட்டும். நைலான் நனைந்தால் இன்னும் நீளும், படகுக்குப் பாலியெஸ்டர்தான் என்பதை மட்டும் விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு சந்தேகம். தட்டையாக விறைத்து நிற்கிற பட்டை, வேகமாகப் போகும்போது காற்றில் 'ங்ங்...' என்று அதிரும். அதை நிறுத்த, கட்டும்போதே ஒன்றிரண்டு சுற்று திருகி விடுவார்கள். அந்தத் திருகலுக்கு "முறுக்கு" என்று போட்டிருக்கிறேன். "பட்டையில் இரண்டு முறுக்கு வைக்கவும்" என்று படித்தால் தின்பண்டம் நினைவுக்கு வருமா, இல்லை எனக்கு மட்டும்தானா?