புது பிளேடுக்கு முதல் வேலை: ஒரு சொல் தேடல்

மடல் 1 (சென்னை, மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி மாணவர்களுக்காக, உலோகம் அறுக்கும் பட்டைவாள் (பேண்ட்சா, வளையமாகச் சுற்றும் பல் பட்டை) பற்றிச் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல், பல்லிடைக்குழி, வெட்டுத்தடம் எல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. ஓரிடத்தில் மட்டும் மூன்று நாளாக நிற்கிறேன்.

புது பிளேடை மாட்டியதும் எடுத்த எடுப்பில் முழு வேலை வாங்கக் கூடாது. முதல் சில வெட்டுகளை அடக்கி அறுத்துப் பிறகு படிப்படியாக ஏற்ற வேண்டும். பட்டறையில் இதை 'பிரேக்-இன்' என்கிறார்கள். கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். யாரோ பூட்டை உடைத்து உள்ளே புகுந்ததாக வந்தது.

என் கைவசம் உள்ளவை: முன்னோட்டம், தொடக்க ஓட்டம், பதமாக்கல், முனை மழுக்கல். எதைக் கொள்ளலாம்? இயந்திரத்தோடு புழங்குகிறவர்கள் சொன்னால் நல்லது.

மடல் 2 (கோவை, கணபதி)

வணக்கமுங்க. இங்கே ஜாப் ஆர்டர் பட்டறை வைத்திருக்கிறேன். பம்பு ஷாஃப்டுக்குக் கம்பி அறுத்துக் கொடுப்பதே பாதி வேலை. தமிழ்ப் புலமையெல்லாம் கிடையாது, பிளேடுக்குக் காசு கொடுக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நாலு சொல்லும் வேண்டாம். ஏன் என்று சொல்ல, முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இப்போது நாங்கள் பெரும்பாலும் மாட்டுவது பைமெட்டல் பிளேடு. முதுகு வளைந்து கொடுக்கும் ஸ்பிரிங் எஃகு. பல் முனை மட்டும் அதிவேக எஃகு. வழக்கமாக எம்42 என்ற எஃகு வகை, அதில் கோபால்ட் 8 விழுக்காடு. முனை அவ்வளவு கடினம் என்பதாலேயே அடி பொறுக்காது. புதுசில் அதன் விளிம்பு சவர பிளேடு மாதிரி மெலிந்திருக்கும். அதில் முழு பாரத்தையும் ஏற்றினால், கண்ணுக்குத் தெரியாத அளவில் சில்லு சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடம் மறுபடி பெயரும். பாரத்தைக் குறைத்து அறுத்தால் அந்த விளிம்பு இம்மியளவு உருண்டு நிலைத்துவிடும். அப்புறம் முழு வேலை கொடுத்தாலும் நின்று உழைக்கும்.

இனி உங்கள் பட்டியல். 'முன்னோட்டம்' என்றால் பையன்கள் சினிமாவை நினைப்பார்கள். அது போகட்டும், சோதனைக்கு அறுப்பது போலவும் தொனிக்கிறது. இவை சோதனைத் துண்டுகள் இல்லைங்க, பில் போட்டு அனுப்புகிற துண்டுகள்.

'தொடக்க ஓட்டம்' ஆபத்தான சொல். புது லாரி வாங்கினால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டு என்பார்கள் இல்லையா, அந்த நினைப்பு வந்துவிடும். பிளேடு விஷயத்தில் ஓட்ட வேகத்தைக் குறைக்கக் கூடாது. அது உலோகத்துக்கு உரிய வேகத்திலேயே ஓட வேண்டும். குறைக்க வேண்டியது ஃபீடை, அதாவது பிளேடு கம்பிக்குள் இறங்கும் அழுத்தத்தை.

இதில் நானே சூடுபட்டவன். புதிதாகச் சேர்ந்த பையனிடம் "புது பிளேடு, மெல்ல ஓட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு பாங்குக்குப் போய்விட்டேன். அவன் வேகத்தை நிமிடத்துக்கு 60 மீட்டரிலிருந்து 30-க்கு இறக்கிவிட்டு, பிளேடு இறங்குவதைக் கட்டுப்படுத்தும் ஃபீடு வால்வைத் தொடவே இல்லை. கணக்கு எளிது: அதே நேரத்தில் அதே ஆழம் இறங்க வேண்டும், கடந்துபோகும் பற்களோ பாதி. ஒவ்வொரு பல்லும் இரண்டு மடங்கு கனமாகக் கடித்தது. திரும்பி வந்து பார்த்தால் பிளேடுக்குப் பொக்கை வாய். அவனைத் திட்ட வழியில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருந்தான்.

'பதமாக்கல்' நல்ல சொல், ஆனால் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. எஃகைக் காய்ச்சி ஆற்றி எடுக்கும் பக்குவத்துக்கு அது வேண்டும். பட்டையை வளையமாகப் பற்றவைத்த இணைப்பையும் பதமாக்கித்தான் தீர வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தில் வளைந்து வளைந்து அங்கேதான் முறியும். இங்கிலாந்தில் நியூபெரி என்பவர் 1809-லேயே பட்டைவாளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். நீடித்து உழைக்கும் பட்டையும் இணைப்பும் இல்லாமல் அது சுமார் 40 வருஷம் முடங்கிக் கிடந்தது. பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி கிரெப்பின் 1846-ல் பற்றவைக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்ட பிறகே வழி பிறந்தது. உங்கள் கையேட்டில் இணைப்பு பற்றி எழுதும்போது 'பதம்' தேவைப்படும், இங்கே செலவழித்துவிடாதீர்கள்.

'முனை மழுக்கல்' நடப்பதை உள்ளபடியே சொல்கிறது. ஆனால் காசு போட்டு வாங்கின பிளேடை மழுக்கு என்றால் எந்த ஆபரேட்டர் கேட்பான்?

என் பரிந்துரை: பழக்கல். வீட்டில் புது தோசைக்கல்லைப் பழக்குகிறோம். ஊரில் காளைக் கன்றை ஏருக்குப் பழக்குகிறார்கள். எடுத்ததும் பாரவண்டியில் பூட்டுவதில்லை, வெறும் நுகத்தை வைத்து நடக்கவிடுகிறார்கள். நடை அதே நடை, பாரம்தான் குறைவு. பிளேடும் அப்படித்தான். இன்னொரு வசதி, பழகு, பழக்கு என்று ஜோடியாக இருக்கிறது. "பிளேடு பழகிடுச்சா?" என்று ஒருத்தன் கேட்டால், "இன்னும் பழக்கிட்டுதான் இருக்கேன்" என்று மற்றவன் சொல்வான். பட்டறைச் சத்தத்தில் கத்திச் சொல்லவும் வரும்.

மடல் 3 (யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தொழில்நுட்ப ஆசிரியர்)

கோவை நண்பரின் விளக்கம் நன்று. வேகம் வேறு, பாரம் வேறு என்ற இடத்தை என் மாணவர்களுக்கே நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஆனாலும் இரண்டு தடை. ஒன்று, 'பழக்கல்' என்று தாளில் எழுதிப் பாருங்கள். பழத்தின் கல்லோ என்று கண் தடுக்குகிறது. இரண்டு, தோசைக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய்ப் படலம் ஒன்று சேர்கிறது. இங்கே விளிம்பிலிருந்து தேய்கிறது. உவமை நேரெதிராகப் போகிறதே.

எங்கள் பக்கம் மரம் அறுக்கிறதும் இரும்பு அறுக்கிறதும் வாள்தான். 'ரம்பம்' எங்களுக்குப் புத்தகச் சொல். அதனால் 'வாள் பழக்கல்' என்று எழுத முதலில் நினைத்தேன். உடனே வாட்பயிற்சி நினைவுக்கு வந்தது, விட்டுவிட்டேன்.

மடல் 4 (கோவை, கணபதி)

அய்யா சொன்னது சரிங்க. எங்கள் பக்கம் 'ரம்பம்' வைத்தாலும் சிக்கல்தான். ரம்பம் போடுகிறான் என்றால் பேசியே கொல்கிறான் என்று அர்த்தம்.

தோசைக்கல்லை விட்டுவிடுகிறேன், காளையை விடமாட்டேன். பழக்கப்படுவது பல்தானே? 'பல் பழக்குதல்' என்று வைத்துக்கொண்டால் பழக்கல்லும் போச்சு, வாட்பயிற்சியும் போச்சு.

அந்தப் பகுதியில் சேர்க்கச் சில விஷயம். எவ்வளவு நேரம் பழக்குவது என்று கேட்பார்கள். நேரக் கணக்கு இல்லை, பரப்புக் கணக்கு. பிளேடு செய்பவர்கள் பொதுவாகச் சொல்வது 300 முதல் 600 சதுர சென்டிமீட்டர். 45 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியில் ஒரு வெட்டு சுமார் 16 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் 20 துண்டிலிருந்து 40 துண்டு வரை. முதல் துண்டை ஃபீடைப் பாதியாக்கியோ அதற்கும் கீழேயோ வைத்து அறுத்து, அப்புறம் துண்டுக்குத் துண்டு கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மென்மையான உலோகத்துக்கு அதிகம் குறைக்கலாம். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் ரொம்பக் குறைத்துவிடக் கூடாது. பல் கடிக்காமல் உரசினால் அந்த இடம் இறுகிப்போய், அடுத்த பல்லுக்கு எமனாகும்.

மீட்டரைவிட, அறுபட்டு விழும் உலோகச் சுருளைப் பார்ப்பது மேல். பொடியாக மாவு போல விழுந்தால் பல் கடிக்கவில்லை, ஃபீடு போதவில்லை. நீலம் பாய்ந்து கனமாக வந்தால் பாரம் அதிகம். வெள்ளி நிறத்தில் தளர்வாகச் சுருண்டு விழ வேண்டும். பழக்கும்போதும் சுருள் விழுந்தே ஆக வேண்டும்.

பாதி அறுந்த பழைய தடத்தில் புது பிளேடை இறக்காதே என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். தேய்ந்த பிளேடு போட்ட தடம் குறுகல், புது பிளேடின் பல் விரிவு அகலம். மாட்டிக்கொண்டு பல் போய்விடும். கம்பியைத் திருப்பிப் பிடித்து வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

பிளேடு தேர்வும் இதோடு சேர்ந்ததே. எந்த நேரமும் குறைந்தது மூன்று பல்லாவது கம்பிக்குள் இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் கம்பிக்கு 4/6 பல் பிளேடு (அங்குலத்துக்கு 4 முதல் 6 பல்) சரி, ஒன்பது பல் போல உள்ளே நிற்கும். அதே பிளேடை மெல்லிசுக் குழாயில் போட்டால் எவ்வளவு பழக்கியிருந்தாலும் பல் தங்காது. சாயங்காலம் பிளேடின் டென்ஷனைத் தளர்த்துவது, கூலன்ட் கலக்கும்போது தண்ணீருக்குள் எண்ணெயை ஊற்றுவது (எண்ணெய்க்குள் தண்ணீரை இல்லை), சுருள் தள்ளும் கம்பி பிரஷ் தேய்ந்தால் மாற்றுவது எல்லாம் நீங்களே எழுதியிருப்பீர்கள்.

மடல் 5 (சென்னை, மொழிபெயர்ப்பாளர்)

இருவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"பல் பழக்குதல்: புதிய பட்டைவாளை உலோகத்துக்கு உரிய வேகத்திலேயே ஓட்டி, இறங்கும் அழுத்தத்தை மட்டும் குறைத்து முதல் வெட்டுகளை அறுத்தல். வேகத்தைக் குறைக்க வேண்டாம். பழகாத பல்லுக்கு முழு அழுத்தம் கொடுக்க வேண்டாம்."

ஃபீடுக்குப் பாடநூல்களில் 'ஊட்டம்' என்று பார்த்திருக்கிறேன். "ஊட்டத்தைக் குறை" என்று எழுதினால் பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது. 'இறங்கும் அழுத்தம்' என்று நீட்டியே எழுதிவிட்டேன்.

மடல் 3-க்காரர் ஒப்புக்கொள்கிறாரா? அடுத்து, பற்களை இடமும் வலமுமாகச் சாய்ப்பதற்கு, அதாவது 'செட்'டுக்குச் சொல் வேண்டும். கோவை நண்பர் 'பல் விரிவு' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அதையே எடுத்துக்கொள்ளவா?

மடல் 6 (யாழ்ப்பாணம்)

பல் பழக்குதலுக்கு என் சம்மதம். 'விரிவு' என்றால் பல் அகன்றுவிட்டது என்று நினைப்பார்கள். பல் அகலவில்லை, சாய்கிறது. 'பற்சாய்வு' என்று வைத்துப் பாருங்கள்.

மடல் 7 (கோவை, கணபதி)

அய்யா, சாய்வு என்றால் எங்கள் ஆட்களுக்குப் பல்லின் முன்பக்கக் கோணம் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. தனி மடலில் படம் போட்டு அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சண்டை போடலாம்.