மறு: ஆஃப்செட்: ‘தள்ளளவு’ வேண்டாம், ‘எட்டம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காகப் போன வாரம் ஆஃப்செட்டுக்குத் ‘தள்ளளவு’ என்று முன்மொழிந்தவன் நான்தான். இப்போது நானே அதைத் திரும்பப் பெறுகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஆஃப்செட் என்றதும் நம்மில் பாதிப் பேருக்குச் சிவகாசி அச்சகம்தான் ஞாபகம் வரும். நமக்கு வேண்டியது நினைவகத்து ஆஃப்செட்: கணினி நினைவகத்தில் ஒரு தொடக்க இடத்திலிருந்து எத்தனை பைட் (நினைவகத்தின் சிறு அலகு) தள்ளி ஒரு தகவல் இருக்கிறது என்ற அளவு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐக் கணினிக்கு எதிராகத் தனியாக ஆடும்போது தங்கத்தை ஏற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் ஏழு தடவை வந்துவிட்டது. அதனால்தான் இந்த அவசரம்.

‘முகவரி (நினைவகத்தில் ஓர் இடத்தின் எண்) என்ற சொல்லே போதாதா?’ என்று கேட்டிருந்தீர்கள். போதாது. நான் பட்ட பாட்டையே சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது உணவு 200. ஆட்டத்தின் நினைவகத்தில் எண்களைத் தேடி மாற்ற உதவும் சீட் எஞ்சின் என்ற மென்பொருளைத் திறந்து 200 என்று முழு எண்ணாகத் தேடினேன். ஒரு வேலையாளை உருவாக்கினால் 50 உணவு குறையும், ஆகவே அடுத்து 150 என்று தேடினேன். உருப்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம்தான் உறைத்தது: இந்த ஆட்டத்தில் உணவு, மரம் எல்லாமே மிதவைப் புள்ளி எண்கள், அதாவது பின்னத்தையும் வைத்துக்கொள்ளும் எண்கள். வேலையாள் நொடிக்குச் சேர்க்கும் அளவு பின்னமாக இருக்கிறது, வெறும் முழு எண்ணை வைத்து அந்தக் கணக்கைப் பார்ப்பது கடினம். 200.0 இருக்கும் அந்த நான்கு பைட்டையே முழு எண்ணாகப் படித்தால் 112 கோடியே 87 லட்சத்து 92 ஆயிரத்து 64 என்று வரும். எப்படி அகப்படும்?

வகையை மாற்றித் தேடியதும் உணவு கிடைத்தது. திரையில் உணவுக்கு அடுத்து நிற்பது தங்கம். அதனால் நினைவகத்திலும் அடுத்த நான்கு பைட் தங்கம்தான் என்று நினைத்து 9999 எழுதினேன். ஏறியது மரம். அதற்கடுத்த நான்கில் எழுதினேன், கல் ஏறியது. திரையில் மரம், உணவு, தங்கம், கல் என்று நிற்பவை நினைவகத்தில் உணவு, மரம், கல், தங்கம் என்று கிடக்கின்றன. ஆட்டம் தொடங்கிய கணத்தில் பார்த்தால் வரிசையாக மூன்று 200, கடைசியில் ஒரு 100. அந்த 100-தான் தங்கம். உணவிலிருந்து 12 பைட்.

சரி, முகவரியைக் குறித்துவைத்துக்கொண்டு மறுநாள் திறந்தால் அங்கே வேறு ஏதோ குப்பை. வரிசை முழுக்க வேறெங்கோ போய்விட்டது. ஆனால் உணவைக் கண்டுபிடித்து 12 பைட் நகர்ந்தால் தங்கம் அங்கேயே இருந்தது. நான் பெயர் கேட்பது அந்த 12-க்கு.

இதை வைத்துத்தான் வந்த சொற்களை உரசிப் பார்த்தேன். ‘விலகல்’: இருக்க வேண்டிய இடத்தை விட்டு விலகுவது. தங்கம் எங்கேயும் விலகவில்லை, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ‘பெயர்ச்சி’ அதைவிட மோசம். சனிப்பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி என்று காதுக்குப் பழகிய சொல், இடம் மாறுவதைச் சொல்வது. இங்கே பெயர்வது வரிசையின் தொடக்கம். பெயராமல் நிற்பது இந்த 12. பெயராததற்குப் பெயர்ச்சி என்று பெயர் வைத்தால் படிக்கிறவன் என்ன செய்வான்?

‘தள்ளளவு’ பிறந்தது ‘பிள்ளையார் கோயிலுக்கு மூன்று வீடு தள்ளி’ என்பதிலிருந்து. பொருள் கச்சிதம்தான். ஆனால் அடுக்கில் (ஸ்டாக்) ஒன்றை ஏற்றுவதற்கு (புஷ்) நாம் ஏற்கெனவே ‘தள்ளு’ என்று வைத்துவிட்டோம். இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் குழப்பம். அதோடு என் வீட்டில் வாசித்துக் காட்டியபோது ‘எத்தனை சதவீதம் தள்ளுபடி?’ என்று கேட்டார்கள். அன்றோடு விட்டுவிட்டேன்.

இப்போது என் எண்ணம் ‘எட்டம்’. தொலைவு என்ற பொருளில் பழைய சொல்தான், ‘எட்ட நில்’, ‘எட்டத்தில் தெரிகிறது’ என்று இன்றும் சொல்கிறோம். சின்னது, வேற்றுமை உருபு சேர்த்தாலும் முறியாது. வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள்: ‘வரிசையின் தொடக்கத்திலிருந்து 12-ஆம் எட்டத்தில் தங்கம் இருக்கிறது.’ ‘புதிய பதிப்பு வந்ததும் எட்டங்கள் மாறிவிட்டன.’ எனக்கு உறுத்தவில்லை.

இன்னொரு ஆட்டத்திலும் சோதித்தேன். ரெட் அலர்ட்டின் மூல நிரலை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2020-இல் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்டது, ஆகவே ஊகிக்க வேண்டியதில்லை, படித்தே பார்க்கலாம். அதில் ஓர் அணியின் பணம் ஒரே இடத்தில் இல்லை. கையில் தந்த தொகை ஒரு புலத்தில் (ஒரு மதிப்புக்கான இடம்), கனிமம் தோண்டிச் சேர்த்தது இன்னொரு புலத்தில். செலவுக்கு இரண்டையும் கூட்டிப் பார்க்கிறது ஆட்டம். திரையில் குடுகுடுவென்று ஓடும் எண் மூன்றாவது, அது காட்சிக்கு மட்டும். திரையில் கண்ட தொகையைத் தேடினால் அந்தக் காட்சி எண் மாட்டும். அதைப் பெரிய எண்ணாக மாற்றி உறைய வைத்தால் திரையில் கோடீஸ்வரன், ஆனால் ஒரு பீரங்கி வண்டி கூட வாங்க முடியாது. அணியின் புலங்கள் சேர்ந்திருக்கும் கட்டமைப்பைப் பிடித்து, இரண்டு புலங்களின் எட்டத்தையும் தெரிந்துகொண்டால்தான் வேலை நடக்கும்.

பலர் சேர்ந்து ஆடும்போது இந்த வித்தை பலிக்காது என்பதையும் கட்டுரையில் எழுதுகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் கட்டளைகள் மட்டுமே வலையில் போகின்றன, ஒவ்வொரு கணினியும் முழு ஆட்டத்தையும் தானே கணக்கிடுகிறது. நான் மட்டும் தங்கத்தை ஏற்றினால் என் கணக்கும் எதிராளி கணக்கும் ஒத்துவராமல் ஆட்டம் முறியும். ஆனால் முழு வரைபடமும் என் நினைவகத்திலேயே இருப்பதால், எழுதாமல் படிப்பதை மட்டும் இந்த முறை தடுக்காது. அப்படிப் படிப்பது சுத்தமான போங்காட்டம், அதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை.

கருத்துச் சொல்லுங்கள்.

---

தம்பிக்கு வணக்கம்.

எட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு இது அகராதிச் சொல்லே இல்லை, அம்மா வாயில் தினமும் கேட்டது. இரண்டு சந்தேகம். எட்டு பைட் தள்ளி இருப்பதற்கு ‘எட்டம் எட்டு’ என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். அது போகட்டும். பெரிய சிக்கல், கழித்தல் குறியோடு வருவது. சுட்டு (ஒரு முகவரியைக் காட்டும் பாயின்டர்) காட்டும் இடத்துக்கு முன்னால் எட்டு பைட் என்றால் −8. தூரத்தில் கழித்தல் உண்டா? பெயர்ச்சிக்குத் திசை உண்டு, எட்டத்துக்கு இல்லை. இதற்குப் பதில் சொல்லாமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம்.

போங்காட்டத்துக்கு எங்கள் பக்கம் ‘அளாப்பு’. அதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

---

ஐயா,

−8 பற்றி நான் யோசிக்கவே இல்லை. இரவு முழுக்க அதுதான் மண்டைக்குள். ‘பின்னெட்டம் 8’, ‘முன்னெட்டம் 8’ என்று பிரிக்கலாம் என்று தோன்றியது, ஆனால் முகவரி குறைவது முன்னா பின்னா என்று நானே இரண்டு முறை தடுமாறினேன். ‘மேலெட்டம்’, ‘கீழெட்டம்’ என்றாலும் அதே கதைதான், நினைவகப் படத்தைச் சிலர் தலைகீழாக வரைகிறார்கள். கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள ஊருக்கும் உயரம் −10 மீட்டர் என்று எழுதுகிறோமே, அதுபோல ‘எட்டம் −8’ என்றே விட்டால் என்ன? ஒப்புக்கொண்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை கட்டுரையின் அட்டவணைத் தலைப்பை மாற்றிவிடுகிறேன். அளாப்பு சேர்த்தாயிற்று.