செப்டம்பர்ல கோவளம் கடல் இவ்வளவு குளிருமா?

களியக்காவிளைக்காரன்:

ஊர் களியக்காவிளை, வேலை கழக்கூட்டத்துல. போன ஜனவரியில அந்தமான் ஹேவ்லாக்ல சிலிண்டர் கட்டி முங்குற ஸ்கூபா கத்துக்கிட்டேன். அங்க தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. அந்தத் தைரியத்துல போன வாரம், கடல் கொஞ்சம் அடங்கின ரெண்டு நாளாப் பார்த்து, கோவளம் பக்கம் 11 மீட்டர் இறங்கினேன். வாடகைக்குக் கொடுத்த முங்குற சூட் 3 மில்லிமீட்டர் தடிமன், அரைக்கை. முதுகு ஜிப் பாதியில நின்னுடுச்சு, "அது அப்படித்தான் சேட்டா"ன்னு சொல்லி அனுப்பி வச்சாங்க.

6 மீட்டர் வரைக்கும் ஒண்ணும் தெரியல. அதுக்குக் கீழ, மீன் வண்டி ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்ட மாதிரி. கையில இருந்த டைவ் கம்ப்யூட்டர் 23 டிகிரி காட்டுது. பத்து நிமிஷத்துல தாடை ஆடுது, சிலிண்டர் காத்தை வாய்க்குத் தர்ற ரெகுலேட்டரைக் கடிச்சுப் பிடிக்கவே பெரும்பாடு. இடது கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துடுச்சு. சிலிண்டர்ல 200 பார் காத்தழுத்தத்தோட இறங்கினவன் 24ஆவது நிமிஷமே 50க்கு வந்துட்டேன்.

வெயில் கொளுத்துற ஊர்ல கடல் ஏன் இப்படி? எந்த சூட் எடுக்கலாம்? இன்னொண்ணு, மாமா ராத்திரி கணவாய் மீன் தூண்டிலுக்கு வள்ளத்துல கூப்பிடுறார். இந்தத் தண்ணியில தவறி விழுந்தா என்ன ஆகும்?

சிப்பிக்காரன்:

தம்பி, எனக்கு 54 வயசு. பதினாறு வயசுல இருந்து குளச்சல், இனயம் பாறைகள்ல சிப்பி எடுக்கேன். சிலிண்டரும் கிடையாது, சூட்டும் கிடையாது. ஒரு பனியன், ஒரு உளி, இடுப்புல வலைப்பை, மிச்சம் மூச்சு.

நீங்க இறங்கினது அடித்தண்ணியில. ஆனி, ஆடியில இருந்து காத்து வடமேக்கால கரையை ஒட்டியே அடிக்கும். பூமி சுத்துறதால மேல்தண்ணி காத்துக்கு நேரா போகாம வலப்பக்கம் விலகி வெளிக்கடலுக்குப் போவுமாம். இது என் மகன் காலேஜ்ல படிச்சிட்டு வந்து சொன்னது. மேல்தண்ணி போன இடத்துக்கு அடியில கெடக்குற குளிர்தண்ணி ஏறி வருது, அது மட்டும் எனக்கு அவன் சொல்லாமலே தெரியும். கன்னியாகுமரியில இருந்து கொல்லம் வரைக்கும் இது நல்லாத் தெரியும். பங்குனியில 29, 30ன்னு கெடந்த தண்ணி இப்ப 24, 25க்கு இறங்கிரும், அடியில இன்னும் குறையும். நிறம் பச்சையா மாறும். அந்தப் பச்சைப் பாசியைத் தின்னுதான் சாளை, அதான் மத்தி மீன், கொழுக்குது. அதனால குளிரை வையாதீங்க, நாங்க சோறு திங்குறது அதுலதான்.

இனி என் கதை. ஒரு வருஷம் இதே மாசம், நாலு பாகம் ஆழத்துல ஒரு பாறை (ரெண்டு கையும் விரிச்ச நீளம்தான் ஒரு பாகம்). சிப்பி தட்டு தட்டா ஒட்டிக் கெடக்கு. இன்னொரு முங்கு, இன்னொரு முங்குன்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. நடுக்கம்கூட நின்னு போச்சு, உடம்பு பழகிட்டுன்னு நினைச்சேன். உளியால ஓங்கி இடிக்கேன், சத்தம் கேக்குது, கையில ஒண்ணும் தெரியல. மேல வந்து வள்ளத்தைப் பிடிச்சா விளிம்பெல்லாம் ரத்தம். இடது பெருவிரல் நகம் ஒரு ஓரத்துல மட்டும் ஒட்டி ஆடிட்டிருக்கு. வலி? கரையில கட்டன் சாயா குடிச்சு முடிச்ச பிறகுதான் வந்துச்சு. அப்ப வந்த வலிக்கு நான் கத்தின கத்தலை இப்பவும் சொல்லிச் சிரிப்பானுவ.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு முங்குக்கும் முன்னால பெருவிரலால சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன். தொட முடியலன்னா அன்னைக்கு அவ்வளவுதான், பை நிறையாட்டாலும் கரைக்கு வந்திருவேன். நடுக்கம் நின்னா நல்லதுன்னு நினைக்காதீங்க. இறங்குறதுக்கு முன்னால சூடு ஏத்தணும்னு ஒரு மடக்கு போடுறவனும் உண்டு. தோல் சூடான மாதிரி இருக்கும், உள்ளே இருக்குற சூடு வேகமா வெளிய போவும். நம்பாதீங்க.

நீரோடி_லாஞ்சுக்காரன்:

அண்ணன் சொன்ன விரல் கணக்கை எங்களுக்கும் பயிற்சியில சொன்னாங்க. நான் ஸ்காட்லாந்துல இறால் பிடிக்குற படகுல மூணு வருஷம் நின்னவன். மாசி மாசம் அங்க கடல் 7 டிகிரி. முதல் நாளே கணக்கு மனப்பாடம்: 1 நிமிஷம், 10 நிமிஷம், 1 மணி நேரம். விழுந்ததும் முதல் ஒரு நிமிஷம் மூச்சு தறிகெட்டு ஓடும், அப்ப வாயில தண்ணி போனா முடிஞ்சது. அடுத்த பத்து நிமிஷம் வரைக்கும்தான் கைகால் சொல் கேக்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் கிட்ட ஆகலாம். ஆனா அதுக்குள்ள கை ஓஞ்சு, மிதக்க முடியாம முங்கிப் போறவன்தான் அதிகம். அதனால லைஃப் ஜாக்கெட் உடம்புல இருக்கணும், வள்ளத்துக்கு அடியில இருந்தா மீனுக்குத்தான் உதவும்.

நம்ம கடல் 24ல அவ்வளவு வேகமா ஆகாது. விழுந்தா துணியைக் கழட்டாதீங்க, நீந்தி அலையாதீங்க. வள்ளத்தைப் பிடிச்சிட்டு முழங்காலை நெஞ்சோட சேர்த்துக் கெடங்க. ஒக்கி புயல்ல கவிழ்ந்த படகைப் பிடிச்சுக் கெடந்து பிழைச்சு வந்தவங்க எங்க பக்கம் உண்டு. நம்ம தண்ணியும் நேரம் ஆக ஆக ஆளைக் குளிரிலேயே உருக்கிரும்னு அவங்களக் கேட்டா சொல்வாங்க.

ஸ்காட்லாந்துல ஸ்கூபா போட்டு அடியில தட்டு மாதிரி ஒரு சிப்பியைக் கையால பொறுக்குற ஆளுங்க இருக்காங்க. ஸ்காலப்னு பேரு. தண்ணி உள்ள புகாத டிரை சூட் போடுவாங்க. 10 டிகிரிக்குக் கீழ ரெகுலேட்டருக்குள்ள ஐஸ் பிடிச்சு, காத்து நிக்காமக் கொட்டுமாம், அதுக்குத் தனி ரெகுலேட்டர். நமக்கு அந்தக் கவலை இல்ல.

முட்டம்_முங்கி:

சூட் பத்தி மட்டும் சொல்றேன். 5 மில்லி முழுக்கை எடுங்க, தலைக்கு ஹூட் சேர்த்து. சூட் செய்யுற நியோப்ரீன் ரப்பருக்குள்ள இருக்குற காத்துக் குமிழிதான் உடம்போட வெப்பத்தைப் பிடிச்சு வைக்குது. 10 மீட்டர்ல அழுத்தம் ரெட்டிப்பாகிறதால அது அழுங்கி மெலிஞ்சுடும், அதான் மேல ஓகே, கீழ நடுக்கம். ஜிப் ஓடாத சூட்ல தண்ணி உள்ள வந்து வந்து போகும், அது எத்தனை மில்லியா இருந்தாலும் வீண். 5 மில்லி மேல மிதக்கும், அதனால முங்குறதுக்குக் கட்டுற ஈயம் கூடுதலா வேணும். எவ்வளவுன்னு கரை ஓரத்துல சோதிச்சுட்டுப் போங்க. குளிர்ல மூச்சு கூடத்தான் வாங்கும், அதனால 100 பார்லயே திரும்புங்க.

களியக்காவிளைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மாமாகிட்ட லைஃப் ஜாக்கெட்னு சொன்னேன், "நான் முப்பது வருஷமா போறேன் மருமவனே"ன்னு ஆரம்பிச்சார். அத்தை உள்ளே இருந்து ஒரு சத்தம் போட்டதும் ரெண்டு வாங்கச் சொல்லிட்டார். இப்ப ஆபீஸ்ல ஏசி 22ல ஓடுது, உக்காந்து சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்துட்டிருக்கேன். தொடுது.

சிப்பிக்காரன்:

22 காத்து வேற, 22 தண்ணி வேற தம்பி. தண்ணி இருபது மடங்குக்கு மேல வேகமா சூட்டை உறிஞ்சிரும். கணவாய்க்கு நிலவு இல்லாத ராத்திரியாப் பார்த்துப் போங்க, லைட்டுக்கு நல்லா வரும். மாமாவை ஜாக்கெட்டைப் போட்டுட்டு வள்ளத்துல ஏறச் சொல்லுங்க, ஏறின பிறகு போட மாட்டார்.